சவாரி முடிந்த பிறகு அந்தக் குதிரைக்கு யார் பொறுப்பு?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பெருநாள் இரண்டாம் நாள் நம் பக்கத்திலிருந்து எத்தனை வேன் நுவரெலியாவுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, உடதலவின்னை என்று எல்லா ஊர் வேனும் கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக மேலே ஏறும். கிரெகரி வாவிக்கரையில் பாயை விரித்து சஹன் வைத்துச் சாப்பாடு. பிறகு பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று, ஒரு படம். அன்றிரவு எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் அந்தக் குதிரை.

நானும் போயிருக்கிறேன். என் பிள்ளைகளையும் ஏற்றியிருக்கிறேன். ஆகவே இது எனக்கும் சேர்த்துத்தான்.

போன தவணையில் தரம் 8 பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப் போனோம். அதில் ஒரு பெண்பிள்ளை. உம்மா மவுத்தாகி அப்போது ஏழு மாதம். வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. (அவளுடைய சாச்சியிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

மற்றப் பிள்ளைகள் படகுப் பக்கம் ஓடினார்கள். இவள் புல்லில் தனியாக நின்ற ஒரு கிழட்டுக் குதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். சேணம் இல்லை, கயிறு இல்லை, ஆளும் இல்லை. சவாரிக்கு உதவாது என்று அவிழ்த்து விட்டது என்று பார்த்தவுடனேயே விளங்கியது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. முதுகில் சேணம் உராய்ந்து காய்ந்த பெரிய தழும்பு. உதைத்துவிடுமோ என்று நான் பயந்து ஓடினேன். அது அசையவே இல்லை. இவள் அதன் கழுத்தில் கையை வைத்திருந்தாள். அது தலையைத் தாழ்த்தியது. இவள் நெற்றியை அதன் கழுத்தில் சாய்த்துக்கொண்டு, "டீச்சர், சூடா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். இருபது நிமிடம் அப்படியே நின்றாள். நானும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றேன்.

திரும்பும் வழியில் றம்பொடை தாண்டியதும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கம்பளை வரும் வரை உம்மாவைப் பற்றிக் கதைத்தாள். உம்மா வட்டிலப்பம் செய்கிற விதம், ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது, எல்லாம்.

இதை அற்புதம் என்று நான் சொல்லவில்லை. ஏழு மாதமாக நாங்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தோம். ஸப்ர் செய், அழாதே, தம்பியைப் பார்த்துக்கொள், படிப்பைக் கவனி. ஒருத்தராவது ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நிற்கவில்லை. அந்தக் குதிரை நின்றது.

பிறகு நான் அந்தக் குதிரையைப் பற்றிக் கவலைப்பட்டு ஆசிரியர் அறையிலும் சொந்தக்காரர் மத்தியிலும் கதைத்தபோது மூன்று பதில் வந்தது. மூன்றையும் சொன்னவர்கள் தொழுகையாளிகள், நல்ல மனிதர்கள். அதனால்தான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

*முதல் பதில்: "மிருகத்திடம் ஆறுதல் தேடுறது ஈமான் பலவீனம். அல்லாஹ்வை திக்ர் செய்தால்தான் உள்ளம் அமைதியாகும்."*

உள்ளங்கள் அல்லாஹ்வின் நினைவில்தான் அமைதி பெறுகின்றன. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் தலையிடிக்குப் பெனடோல் போடும் நானாவிடம் "ஷிஃபா அல்லாஹ்விடம் இருக்கும்போது பெனடோல் எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. அது ஸபபு என்று விளங்குகிறது. ஒரு பிள்ளையின் மனக்காயத்துக்கு அல்லாஹ் ஒரு குதிரையை ஸபபாக ஆக்கினால் மட்டும் ஏன் விளங்கவில்லை?

சூரா நஹ்லை எடுத்துப் பாருங்கள். கால்நடைகளில் நமக்கு உணவும் கதகதப்பும் இருக்கிறது என்று சொல்லும் அல்லாஹ், அதோடு நிறுத்தவில்லை. மாலையில் அவற்றை ஓட்டி வரும்போதும் காலையில் ஓட்டிச் செல்லும்போதும் அதில் உங்களுக்கு ஓர் அழகு இருக்கிறது என்கிறான். குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சவாரிக்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாகச் சொல்கிறான். மிருகத்தைப் பார்த்து மனம் குளிர்வதைப் படைத்தவனே சொல்லிக் காட்டுகிறான். அதைப் பலவீனம் என்று சொல்ல நாம் யார்?

அபூ ஹுரைரா ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் பெயரை மௌலவிமார் குத்பாவில் சொல்லாத வெள்ளிக்கிழமை குறைவு. அந்தப் பெயரின் அர்த்தம் பூனைக்குட்டிக்காரர் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா?

அனுபவத்தில் கண்டதை ஆய்வும் சொல்கிறது. 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். கோபமான முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத் துடிப்பு கூடியது. குதிரை நம் முகத்தை வாசிக்கிறது. டென்மார்க்கில் லிஸ் ஹார்டெல் என்ற பெண், போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்து போன பிறகும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் எடுத்தார். உடல், மன ஊனத்துக்குக் குதிரையை ஒரு சிகிச்சையாகப் பயன்படுத்தும் முறை பல நாடுகளில் பரவ அது ஒரு பெரிய காரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மன்னாரைப் பாருங்கள். அரபு வணிகர்கள் காலத்தில் வந்தவை என்று சொல்லப்படும் கழுதைகள் அங்கே தெருத்தெருவாக அலைகின்றன. பாரம் சுமக்க லொறி வந்த பிறகு யாருக்கும் வேண்டாதவை. வாகனத்தில் அடிபட்டு, குப்பையைத் தின்று திரிந்தவை. அவற்றுக்கென்று அங்கே ஒரு மருத்துவ நிலையமும் கல்வி நிலையமும் அமைத்தார்கள். காயப்பட்ட கழுதைகளைக் குணப்படுத்தி, விசேட தேவையுடைய பிள்ளைகளை அவற்றோடு பழகவும் விட்டார்கள். ஊர் முழுக்க ஏச்சுக்குப் பயன்படுத்தும் ஒரு மிருகம் அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டாளியானது.

*இரண்டாவது பதில்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?"*

சம்பந்தம் நிறைய இருக்கிறது. நம் சமூகத்தில் ராவுத்தர் என்று ஒரு பட்டம் உண்டு. அதன் பொருளே குதிரைவீரர். அரபு நாட்டிலிருந்து கப்பலில் குதிரை கொண்டுவந்து காயல்பட்டினக் கரையில் இறக்கி விற்றவர்கள் முஸ்லிம் வணிகர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பது இது: பாண்டிய மன்னர் ஒருவர் மட்டும் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குவார். ஆண்டு முடிவில் அதில் 100 கூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போகும். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் அங்கே போக விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம் நடக்கும்!

அவர் மிகைப்படுத்தியிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பாதி உண்மையானாலும் வெட்கப்பட வேண்டிய விஷயம். குதிரையால் உழைத்த காசும் அதனால் வந்த பட்டப் பெயரும் நமக்குத் தெரிந்திருக்கிறது. குதிரைக்குக் கொடுக்க வேண்டிய ஹக் மட்டும் வெள்ளைக்காரன் பழக்கமாகிவிட்டது.

உண்மையில் இது யாருடைய பழக்கம்? சிரியாவின் அறிஞர் முஸ்தபா ஸிபாயி நம் நாகரிகத்தைப் பற்றி எழுதிய நூலில் டமஸ்கஸின் பச்சைப் புல்வெளியைப் பற்றிச் சொல்கிறார். வேலைக்கு உதவாமல் போய், சொந்தக்காரன் தீனி போட மறுத்த கிழட்டு மிருகங்களுக்காக வக்ப் செய்யப்பட்ட நிலம் அது. அவை மவுத்தாகும் வரை அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் மட்டுமே வக்ப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் முன்னோர் ஓய்வு பெற்ற குதிரைக்கு வக்ப் எழுதியிருக்கிறார்கள்.

அதைக் கைவிட்டபோது என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். முதலாம் உலக யுத்தம் முடிந்ததும் பிரித்தானிய இராணுவம் தன் குதிரைகளை எகிப்தில் விற்றுவிட்டுப் போனது. 1930இல் டொரொத்தி புரூக் என்ற ஆங்கிலப் பெண் கெய்ரோவுக்கு வந்தபோது, யுத்தத்தில் ஓடிய அதே குதிரைகள் பன்னிரண்டு வருஷமாகியும் எலும்பும் தோலுமாகத் தெருவில் வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் சேர்த்து 5,000 குதிரைகளை விலை கொடுத்து வாங்கினார். பலவற்றை மீட்க முடியாத நிலை. அவற்றுக்குச் சில நாள் நல்ல தீனியும் ஓய்வும் கொடுத்து, வேதனையில்லாமல் முடித்துவைத்தார். 1934இல் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியும் அமைத்தார். அந்தக் குதிரைகளைக் கைவிட்டது வெள்ளைக்காரனின் இராணுவம். தேய்ந்து சாகும் வரை வேலை வாங்கியது அல்-அஸ்ஹர் இருக்கும் நகரம். இரக்கத்துக்கு நிறமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. செய்தவர்களுக்கு அது சொந்தம்.

*மூன்றாவது பதில்: "மனுசனுக்கே சாப்பாடு இல்லை. குதிரைக்கு என்ன டீச்சர்?"*

இதுதான் அதிகம் வந்த பதில். பார்க்க நியாயம் போலவும் இருக்கிறது.

2022இல் நாம் எல்லோரும் பெற்றோல் வரிசையில் நின்றோம். பால்மா இல்லாமல் பிள்ளை வளர்த்தோம். அந்தக் கஷ்டத்தை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இந்தப் பதிலைச் சொல்பவர்களில் பலர் மனிதனுக்கும் கொடுப்பதில்லை. கொடுப்பவர்கள் இரண்டுக்கும் கொடுக்கிறார்கள். மீந்த சோற்றைப் பூனைக்கு வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு விதவைக்குக் கறி அனுப்பும் உம்மம்மாக்களைத்தான் நான் பார்த்து வளர்ந்தேன். இரக்கம் செலவழித்தால் தீர்ந்துபோகும் சம்பளம் இல்லை.

இந்தக் கேள்வியை ஸஹாபாக்களே கேட்டிருக்கிறார்கள். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த செய்தியைக் கேட்டதும், மிருகங்கள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்பதே நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பதில். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மனிதனுக்குக் கொடுத்து முடித்த பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

அபூதாவூதில் வரும் ஒட்டகத்தின் செய்தியும் நமக்குத் தெரியும். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நபியவர்கள் போகிறார்கள். ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் விடுகிறது. பக்கத்தில் போய் அதன் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுக்கிறார்கள். அது அமைதியாகிறது. பிறகுதான் இது யாருடையது என்று கேட்டு, சொந்தக்காரரைக் கண்டிக்கிறார்கள்: நீ இதைப் பட்டினி போட்டு, களைத்துப்போகும் வரை வேலை வாங்குகிறாய் என்று அது என்னிடம் முறையிடுகிறது, அல்லாஹ்வுக்குப் பயந்துகொள். முதலில் தடவிக் கொடுத்தது. பிறகுதான் விசாரணை. ஆறுதல் சொல்ல வேண்டிய உயிர் என்று மிருகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

முவத்தாவில் இன்னொன்று. நபியவர்கள் தம் மேலாடையால் தம் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டதைக் கண்டவர்கள் காரணம் கேட்டார்கள். குதிரைகள் விஷயமாக நேற்றிரவு நான் கண்டிக்கப்பட்டேன் என்றார்கள். ரஸூலுல்லாஹ்வே குதிரைக்காகக் கண்டிக்கப்பட்டார்கள் என்றால், ஆயிரம் ரூபா கொடுத்து ஏறி இறங்கும் நமக்குக் கேள்வி இல்லையா?

குதிரை வைத்திருப்பவர்களை நான் வில்லனாக்கவில்லை. அவர்களும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர்கள். 2019 ஈஸ்டர் தாக்குதல், பிறகு கொரோனா, பிறகு பொருளாதார நெருக்கடி. சுற்றுலாப் பயணிகள் வராத காலத்தில் தன் வயிற்றுக்கே இல்லாதவன் குதிரைக்கு எதைப் போடுவான்? ஆனால் ஒரு குதிரை 25, 30 வருஷம் வாழும். ஓடி உழைப்பது அதில் பாதி. மீதிப் பாதியை யார் சுமப்பது என்று யாருமே யோசிக்கவில்லை. பந்தயம் பார்ப்பவர் யோசிக்கவில்லை, உழைத்தவர் யோசிக்கவில்லை, படம் பிடித்த நாமும் யோசிக்கவில்லை. நம் நாட்டு மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் எழுதியிருந்த அபராதம் அதிகபட்சம் நூறு ரூபா. இன்றைக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் விலை. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய வரைவு ஒன்றைத் தயாரித்தது. அதுவும் வருஷக்கணக்கில் இழுபட்டது.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் சூரா ஆதியாத் மனப்பாடம். மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது அல்லாஹ் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு வரும் செய்தி என்ன? மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவன் என்பது. தனக்காக மூச்சிரைக்க ஓடிய உயிரை நினைவூட்டிவிட்டு, நன்றிகெட்டதனத்தைச் சொல்கிறான். மனப்பாடம் செய்துவிட்டோம், விளங்கிக்கொள்ளவில்லை.

சரி, என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை.

1. குதிரையில் பிள்ளையை ஏற்றும் முன் சேணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் புண் இருந்தால், விலா எலும்பு எண்ணக்கூடியதாக இருந்தால், நொண்டினால் ஏற்றாதீர்கள். ஏன் ஏற்றவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். நன்றாகப் பராமரிக்கும் ஆளிடம் போய்க் காசைக் கொடுங்கள். பத்து வேன்காரர் இப்படிச் செய்தால் அடுத்த பெருநாளைக்குள் மாற்றம் தெரியும்.

2. குட்டிக் குதிரை சின்னப் பிள்ளைகளுக்கு. எண்பது கிலோ வாப்பாமார் அதில் ஏற வேண்டாம். ஏறி உட்கார்ந்தபடியே பத்து நிமிடம் செல்பி எடுக்கவும் வேண்டாம். மிருகத்தின் முதுகை மிம்பராக ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

3. சாப்பிட்ட லன்ச் ஷீட்டையும் மீந்த புரியாணியையும் புல்லில் போட்டுவிட்டு வராதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அதன் உடலமைப்பு அப்படி. பழுதான சோறும் பொலித்தீனும் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. வயிறு முறுக்கித் துடித்துச் சாகும். "பாவம், சாப்பிடட்டும்" என்று போடுவது பல நேரம் நஞ்சு.

4. நாட்டிலேயே ஒரே கால்நடை மருத்துவ பீடம் நம் பேராதனையில் இருக்கிறது. நம் வீட்டு வாசலில். உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லை என்று வீட்டில் மையித்து விழுந்தது போல அழாதீர்கள். வாயில்லாத நோயாளியின் வருத்தத்தைக் கண்டுபிடிக்கும் வைத்தியர் குறைந்தவர் இல்லை.

5. பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு: வுழூச் செய்யும் தண்ணீரில் ஒரு வாளி, மதிலுக்கு வெளியே ஒரு தொட்டியில். பூனையும் நாயும் காகமும் குடிக்கட்டும். நாயின் எச்சில் நஜீஸ் என்பது நம் மத்ஹபின் சட்டம், அதை நான் மறுக்கவில்லை. கழுவச் சொன்ன மார்க்கம் கல்லெறியச் சொல்லவில்லை. வருஷத்தில் ஒரு குத்பாவாவது இதைப் பற்றி இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை இப்போது வகுப்பில் கதைக்கிறாள். சிரிக்கிறாள். இடைவேளையில் என்னிடம் வந்து அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், அந்தக் குதிரை இன்னும் இருக்குமா?"

எனக்குத் தெரியாது. விடுமுறையில் ஒரு தடவை போய்த் தேடினேன், காணவில்லை. ஏழு மாதம் நாங்கள் கொடுக்காத ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த உயிருக்கு, ஒரு பிடி புல்லுக்குக்கூட நாங்கள் பொறுப்பெடுக்கவில்லை. இதை எப்படி அவளிடம் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த பெருநாளைக்கு வேன் ஏறும் முன் நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

வாயில்லாத உயிர்கள் விஷயத்தில் அல்லாஹ் நம்மை மன்னித்து, நம் உள்ளங்களில் ரஹ்மத்தைப் போடுவானாக. ஆமீன்.

ஊர் குரூப்களில் பகிர விரும்புபவர்கள் தாராளமாகப் பகிருங்கள். பெயர் போடத் தேவையில்லை.

வஸ்ஸலாம்.